சேர்ந்து வாழ்ந்த பூனைகள் திடீரென அடித்துக்கொண்டால்: எந்த வழியில் திரும்பச் சேர்ப்பது?

மூன்று நான்கு வருடமாக ஒரே மெத்தையில் சுருண்டு படுத்து, ஒன்றை ஒன்று நக்கிவிட்டுக்கொண்டிருந்த இரண்டு பூனைகள். ஒரு நாள் திடீரென்று ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் தரையெல்லாம் மயிர்க்கொத்து. ஒன்று அலமாரி உச்சியில் பம்மிக் கிடக்கிறது, மற்றது கீழே வாலைப் புடைத்துக்கொண்டு உறுமுகிறது. இனி இவை சேரவே சேராதோ என்ற பயம் வீட்டில் எல்லோருக்கும் வரும். பெரும்பாலான பூனைகள் சேர்ந்துவிடும். எவ்வளவு நாளில் சேரும், பழைய நெருக்கம் எந்த அளவுக்குத் திரும்பும் என்பது அன்று இரவும் அடுத்த இரண்டு மூன்று நாளும் நாம் செய்வதைப் பொறுத்தது.

பூனை தனியாக வேட்டையாடிப் பிழைத்த இனம். சண்டை முடிந்ததும் சமாதானம் பேசும் வழி அதற்குத் தெரியாது. விலகிப் போகத் தெரியும், அவ்வளவுதான். நான்கு சுவருக்குள் விலகிப் போக இடம் எங்கே? முதல் சண்டையை ஒரு விபத்து என்று பூனை மறந்துவிடக்கூடும். இரண்டாவது சண்டை வந்தால், எதிரில் இருப்பதே ஆபத்து என்று மனதில் பதிந்துவிடும். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்: இரண்டாவது சண்டை நடக்காமல் இது தடுக்குமா?

முதலில் பிரிப்பது

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் தொடக்கம் ஒன்றுதான். இரண்டையும் உடனே பிரிக்க வேண்டும். நடுவில் கையை விடாதீர்கள். வெறி ஏறிய பூனைக்கு வளர்த்தவர் கை, எதிரியின் கால் என்ற வித்தியாசம் தெரியாது. பெரிய அட்டையையோ தலையணையையோ இரண்டுக்கும் நடுவில் நுழைத்துப் பார்வையை மறையுங்கள். பார்வை மறைந்தால் பிடி தளரும். கனமான துண்டையோ போர்வையையோ ஒன்றின் மேல் போட்டு மூடி, அப்படியே அள்ளி அறைக்குள் விடலாம். தண்ணீர் தெளிப்பது, கத்துவது, செருப்பைத் தூக்கி எறிவது எல்லாம் அந்த நொடிக்குச் சண்டையை நிறுத்தலாம். ஆனால் அந்தப் பயத்தையும் பூனை எதிராளியின் கணக்கில்தான் எழுதிக்கொள்ளும்.

கடிபட்டுவிட்டால் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே தங்கிவிடும். மறுநாளே கை வீங்கிவிடுவது சாதாரணம்.

பிரித்த அறையில் தண்ணீர், தீனி, லிட்டர் பாக்ஸ் (மலஜலம் கழிக்க மணல் போட்ட பெட்டி), படுக்கை, ஏறி உட்கார ஓர் உயரமான இடம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி இருக்க வேண்டும். எதை அறைக்குள் வைப்பது? ஒளிந்து நடுங்கும் பூனையை அதற்குப் பழகிய, அமைதியான அறையில் விடுங்கள். தேடித் துரத்துவது எது என்று தெளிவாகத் தெரிந்தால், சற்று தணிந்தபின் அதை அறைக்குள் மாற்றிவிட்டு அடிபட்டதை வீட்டில் நடமாட விடலாம். அடிபட்டதையே தொடர்ந்து பூட்டி வைத்தால் அது தன் வீட்டையே இழந்ததுபோல் ஒடுங்கிவிடும்.

சண்டையின் வேர்

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் காரணத்தைத் தேடுங்கள். காரணம் மாறினால் வழியும் மாறும்.

அடிக்கடி காண்பது மடைமாறிய கோபம். ஜன்னலுக்கு வெளியே ஒரு தெருப்பூனை வந்து உட்காருகிறது. உள்ளே இருக்கும் பூனைக்கு ரத்தம் கொதிக்கிறது, கண்ணாடியைத் தாண்ட முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்த கூட்டாளி மேல் பாய்கிறது. பாத்திரம் விழுந்த சத்தத்துக்கும் இப்படி நடக்கும். இந்தக் கொதிப்பு சில மணி நேரத்தில் அடங்கலாம், இரண்டு மூன்று நாள்கூட நீடிக்கலாம். பூனை வெளிப்பார்வைக்கு அமைதியாகத் தெரிந்தாலும் கண்மணி விரிந்திருந்தால், முதுகுத்தோல் அலை அலையாகத் துடித்தால், கொதிப்பு இன்னும் உள்ளே இருக்கிறது.

அடுத்தது வாசனை. ஒன்றாக வாழும் பூனைகள் கன்னத்தையும் விலாவையும் உரசி உரசி ஒரு கூட்டு வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. 'நம்மவன்' என்ற அடையாளத்தில் முகத்தைவிட மூக்குக்குத்தான் பங்கு அதிகம். மருத்துவமனைக்குப் போய்வந்த பூனை கேரியரிலிருந்து (தூக்கிச் செல்லும் கூடையிலிருந்து) இறங்கும் காட்சியைக் கவனித்தால் இது புரியும். வீட்டில் இருந்த பூனை வழக்கம்போல் வாலைத் தூக்கிக்கொண்டு வரும். ஊசி போட்ட பின்னங்காலை மோந்து பார்க்கும். அப்படியே உறையும். காது பக்கவாட்டில் மடியும், பிறகு சீறல். அதன் மூக்கைப் பொறுத்தவரை வந்திருப்பது அந்நியன். மயக்கம் தெளியாமல் தள்ளாடி நடந்தாலோ, கழுத்தில் கூம்புக் காலர் மாட்டியிருந்தாலோ குழப்பம் இன்னும் கூடும்.

மூன்றாவது வலி. பல்நோய், மூட்டுத் தேய்மானம், சிறுநீர்ப்பை அழற்சி, வயதான பூனைகளில் தைராய்டு மிகைச்சுரப்பு ஆகிய எல்லாம் சாதுப் பூனையைச் சிடுசிடுப்பாக்கும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பூனை காரணம் தெரியாமல் சண்டையைத் தொடங்கினால், வேறு எந்த முயற்சிக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே சரி. வலிக்கு மருந்து கொடுக்காமல் மாதக்கணக்கில் அறிமுகப் பயிற்சி நடத்துவது வீண்.

நான்காவது வயது. குட்டியாகச் சேர்ந்து வளர்ந்தவை 2 முதல் 4 வயதுக்குள் முழு முதிர்ச்சி அடையும்போது இடத்துக்குப் போட்டி போடத் தொடங்கலாம். கருத்தடை செய்யாத கடுவனாக (ஆண் பூனையாக) இருந்தால் அதை முதலில் முடியுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் ஹார்மோன் வடிய சில வாரம் ஆகும், மறுநாளே மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த வகைச் சண்டை பல நேரம் திடீரென்று வந்ததாகத் தோன்றும், உண்மையில் வந்திருக்காது. நடைவழியில் ஒரு பூனை சும்மா நீட்டிப் படுத்திருக்கிறது. மற்றது அறைவாசல் வரை வருகிறது, நிற்கிறது, திரும்பிப் போகிறது. பார்ப்பவருக்கு இரண்டும் அமைதியாக இருப்பதாகப் படும். படுத்திருப்பது லிட்டர் பாக்ஸுக்குப் போகும் வழியை மறித்துக் காவல் இருக்கிறது. இந்தச் சத்தமில்லாத அழுத்தம் மாதக்கணக்கில் நடந்திருந்தால், அலறிய சண்டை அதன் கடைசிக் கட்டம் மட்டுமே.

வழி ஒன்று: தானாகச் சரியாகட்டும் என்று விடுவது

பலரும் சொல்லும் யோசனை இது. ரத்தம் வர அடித்துக்கொண்ட பூனைகளுக்கு இதைவிட மோசமான வழி இல்லை. எது உயர்ந்தது என்று ஒருமுறை அடித்துப் பார்த்து முடிவுசெய்து, பிறகு அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டு வாழும் ஏற்பாடு பூனைகளிடம் கிடையாது. ஒவ்வொரு மோதலும் அடுத்ததற்கு விதை.

விட்டுப் பிடிக்கக்கூடிய ஒரே நிலை, நடந்தது சண்டையா விளையாட்டா என்றே தெரியாத நிலை. விளையாட்டில் சத்தம் இருக்காது, நகம் உள்ளே இருக்கும், துரத்துவதும் ஓடுவதும் மாறி மாறி நடக்கும், முடிந்ததும் இரண்டும் பக்கத்திலேயே இருக்கும். எப்போதும் ஒன்றே துரத்தினால், மற்றது முடிந்ததும் ஒளிந்துகொண்டால், அது விளையாட்டு அல்ல. ஒரு சீறல், முன்னங்காலால் ஓர் அடி, உடனே விலகல் என்று முடிந்தால் தலையிட வேண்டாம். சீறல் என்பது 'கிட்டே வராதே' என்ற எச்சரிக்கை. எச்சரிக்கை வேலை செய்கிறது என்றால் நல்லதுதான்.

வழி இரண்டு: குறுகிய பிரிவு

சில மணி நேரம் முதல் 3 நாள் வரை. முன்பு நல்ல உறவு இருந்தது, காரணம் கண்ணெதிரே தெரிந்தது, காயம் இல்லை, இதுவே முதல் சண்டை என்ற நான்கும் பொருந்தினால் இது போதும். மருத்துவமனை வாசனைக்கும், ஒருமுறை வந்த மடைமாறிய கோபத்துக்கும் ஏற்ற வழி.

மருத்துவமனையிலிருந்து வந்த பூனை என்றால் 12 முதல் 24 மணி நேரம் தனி அறையில், அது வழக்கமாகப் படுக்கும் துணியோடு விட்டுவைத்தால் வீட்டு வாசனை திரும்ப ஏறிவிடும். குளிப்பாட்டாதீர்கள். மருந்து வாசனையோடு அதன் சொந்த வாசனையும் போய்விடும்.

கொதித்த பூனையின் அறையை இருட்டாக்கிவிட்டுத் தொந்தரவு செய்யாமல் இருங்கள். தூக்கிக் கொஞ்சிச் சமாதானம் செய்ய முயன்றால் அடுத்த கடி உங்களுக்கு. தீனி கேட்டு, சாப்பிட்டு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்து, கால் நீட்டிப் படுக்கும்போது தணிந்துவிட்டது என்று கொள்ளலாம். இது இரண்டு பூனையிடமும் தெரிந்தபின், சாப்பாட்டு நேரத்தில் மூடிய கதவின் இருபுறமும் தட்டு வைத்துப் பாருங்கள். இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால் அடுத்த வேளைக்குக் கதவை ஒரு கையளவு திறந்து, நடுவில் தடுப்போடு பாருங்கள். அங்கேயும் சாப்பிட்டால் அறையின் இரு கோடியில் தட்டு.

இந்த வழியில் நடக்கும் தவறு எப்போதும் அவசரம்தான். ராத்திரி சண்டை, காலையில் இரண்டும் அமைதி என்று கதவைத் திறந்துவிடுகிறார்கள். அடங்காத பூனை முதல் பார்வையிலேயே பாய்கிறது. மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டியது மூன்று மாதமாகிறது. 12 மணி நேரமா 2 நாளா என்று தடுமாறினால் 2 நாள். தேவையில்லாமல் இரண்டு நாள் பிரித்து வைத்ததால் கெட்டுப்போன உறவு என்று எதுவும் இல்லை. வாரக்கணக்கில் இழுத்தால் கூட்டு வாசனை மங்கிவிடும் என்பது உண்மை. அதற்குத்தான் அடுத்த வழியில் வாசனைப் பரிமாற்றம் வருகிறது.

வழி மூன்று: முழுப் பிரிவும் படிப்படியான மறு அறிமுகமும்

ஒன்றுக்கு மேற்பட்ட சண்டை, ரத்தக்காயம், ஒன்று எப்போதும் ஒளிந்தே இருப்பது, கண்டவுடன் பாய்வது, குறுகிய பிரிவு தோற்றது ஆகியவற்றில் எது இருந்தாலும் நேரே இங்கே வாருங்கள். ஒரு புதுப் பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் எப்படிப் பழக்குவோமோ அப்படியே, அதைவிடப் பொறுமையாக. புதுப் பூனைக்குப் பழைய கணக்கு எதுவும் கிடையாது. இவற்றுக்கு உண்டு. இரண்டு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம், அதற்கு மேலும் போகலாம்.

முதல் கட்டத்தில் 3 முதல் 7 நாள் முழு ஓய்வு. பார்வையே படக்கூடாது. கதவின் அடியில் இடைவெளி இருந்தால் துண்டைச் சுருட்டி அடையுங்கள். அந்த இடுக்கில் கையை நீட்டிப் பிராண்டிக்கொள்வதும் சண்டைதான்.

இரண்டாவது கட்டம் வாசனை. சுத்தமான காலுறையையோ மென்துணியையோ எடுத்து ஒரு பூனையின் கன்னத்தில், மீசைக்கும் காதுக்கும் நடுவே, நான்கைந்து முறை தடவுங்கள். அந்தத் துணியை மற்றதன் தட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். மோந்துவிட்டுச் சாப்பிடப் போனால் அடுத்த வேளைக்குக் கொஞ்சம் பக்கத்தில். சீறினால் தூரமாக. அதன் மேல் கன்னத்தை உரசினால் பெரிய முன்னேற்றம். அந்தத் துணியைப் பூனையின் உடம்பிலேயே தேய்த்துவிடச் சிலர் சொல்வார்கள், வேண்டாம். பிடிக்காத வாசனையைத் தன் உடம்பிலிருந்து தப்பிக்க முடியாமல் சுமப்பது அதற்குத் தண்டனை. பூனை தானாகக் கிட்டே போக வேண்டும், இல்லாவிட்டால் விலகிப்போக இடம் வேண்டும். படுக்கைத் துணிகளை மாற்றிப் போடுங்கள், இந்த நாள்களில் துவைக்காதீர்கள். தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் அறைகளையும் மாற்றிவிடுங்கள்: இது வெளியே, அது உள்ளே, வழியில் சந்திக்காமல்.

மூன்றாவது கட்டம், மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. கதவிலிருந்து 2 மீட்டரில் தொடங்கி வேளைக்கு 15 முதல் 30 செ.மீ. முன்னே நகர்த்துங்கள். தட்டைப் பார்த்தும் சாப்பிடாமல் கதவையே உற்றுப் பார்த்தால், சாப்பிட்டுக்கொண்டே அடிக்கடி தலையைத் தூக்கினால், வேகமாக விழுங்கிவிட்டு ஓடினால், முந்தைய தூரத்துக்குத் திரும்புங்கள். பசி இருந்தால்தான் இது நடக்கும். தட்டில் நாள் முழுக்கத் தீனி கிடக்கும் வீடுகளில் முதலில் அதை நிறுத்தி, ஒரு நாள் அளவை 4 சிறு வேளைகளாகப் பிரியுங்கள். பட்டினி போடக்கூடாது. பூனை ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு படியும் ஆபத்து உண்டு, குறிப்பாக பருமனான பூனைக்கு.

நான்காவது கட்டத்தில் பார்வை. அநேக முயற்சிகள் உடைவது இங்கேதான். எந்தத் தடுப்பு நல்லது என்பதையும் இங்கேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். குழந்தைகளுக்குப் போடும் கேட் எளிது, ஆனால் பாயத் துணிந்த பூனைக்கு 75 செ.மீ. உயரம் ஒரு தடையே இல்லை. இரண்டை ஒன்றன்மேல் ஒன்று கட்டினால் பரவாயில்லை. கம்பி வலைக்கதவு எல்லாவற்றிலும் சிறந்தது. துணிக் கொசுவலை ஒரே பாய்ச்சலில் கிழியும். கண்ணாடிக் கதவில் காட்சி மட்டும் வரும், வாசனை வராது, அதுவே எரிச்சலைக் கிளப்பும். ஒன்றைக் கூண்டில் அடைத்து நடு அறையில் வைப்பதை நான் எங்கேயும் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே இருப்பதற்கு ஓட வழியில்லை, வெளியே இருப்பது சுற்றிச் சுற்றி வந்து மிரட்டும். கேரியரில் வைத்துக் காட்டுவதும் அதே தவறுதான், அத்துடன் பூனை கேரியரையும் வெறுக்கக் கற்றுக்கொள்ளும்.

வலைக்கதவை முழுக்கப் போர்வையால் மூடித் தொடங்குங்கள். தினம் 5 செ.மீ. உயர்த்துங்கள். முதலில் பாதம் தெரியும், பிறகு வயிறு, கடைசியில் முகம். கண்ணும் கண்ணும் சந்திக்கும் நாளில் தட்டுகளை மறுபடி 3 மீட்டர் பின்னே கொண்டுபோங்கள். வேறு எந்த வேளைக்கும் கொடுக்காத, உயிரை விடும் அளவுக்குப் பிடித்த தீனி இந்த நேரத்துக்கு மட்டும். மிக முக்கியமானது, தட்டு காலியாகும் முன்பே போர்வையை இறக்கிவிட வேண்டும். சாப்பிட்டு முடித்த பூனை முதலில் செய்வது நிமிர்ந்து எதிரே பார்ப்பது. செய்ய வேறு வேலை இல்லாத அந்தப் பார்வைதான் முறைப்பாக மாறும். இரண்டு நிமிடம் நன்றாகப் போய் முடிந்த சந்திப்பு, பத்து நிமிடம் நடந்து கடைசியில் சீறலில் முடிந்ததைவிட எவ்வளவோ மேல்.

முறைப்பை அறிந்துகொள்ளுங்கள். தலை தாழ்ந்து, உடம்பு அசையாமல், வால்நுனி மட்டும் துடிக்கும். அப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், ஒரு தின்பண்டத்தைப் பக்கவாட்டில் உருட்டிவிடுங்கள். திரும்பாவிட்டால் நடுவில் அட்டையை நுழைத்து மறையுங்கள். கண்ணை மெதுவாக மூடித் திறப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, முதுகைக் காட்டி உட்கார்ந்து நக்கிக்கொள்வது எல்லாம் நல்ல அறிகுறிகள்.

கடைசியில் தடுப்பில்லாத சந்திப்பு. பெரிய அறை, இரண்டு ஆள், சாப்பாட்டுக்கு முன்பான நேரம். நகங்களை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். கட்டிலடி போன்ற முட்டுச்சந்துகளை அடையுங்கள், மேலே ஏற இரண்டு வழியாவது இருக்கட்டும். ஆளுக்கொரு குச்சி பொம்மை, ஒவ்வொரு பூனைக்கும் தனித்தனியாக, எதிரெதிர் கோடியில். ஒரே பொம்மையை இரண்டும் துரத்தினால் நடுவில் மோதும். லேசர் விளக்கு வேண்டவே வேண்டாம். பிடிக்க முடியாத ஒன்றைத் துரத்திய எரிச்சல் பக்கத்தில் இருப்பதன் மேல் இறங்கும். முதல் நாள் 5 நிமிடம். நன்றாகப் போனால் 10, பிறகு 20. இரண்டு வாரம் ஒரு பாய்ச்சலும் இல்லாமல் போகும்வரை இரவிலும், ஆள் இல்லாதபோதும் பிரித்தே வையுங்கள்.

எந்தக் கட்டத்தில் சண்டை வந்தாலும் அதிலிருந்து இரண்டு படி கீழே இறங்கி, ஓரிரு நாள் இடைவெளி விட்டுத் தொடங்க வேண்டும். இறங்குவது தோல்வி அல்ல. மேலே ஏறிய படி பூனைக்குச் சீக்கிரம் என்று அது சொல்கிறது, அவ்வளவே.

இந்த வழியின் விலை உங்கள் நேரமும் பொறுமையும். இரண்டு அறைக்கும் தினமும் தனித்தனியாக விளையாட்டு, கவனம், துப்புரவு. தனியாக வாழ்பவர்களுக்கு நிஜமாகவே கடினம். முடியாது என்று தோன்றினால் மூன்றாவது கட்டத்திலேயே சில வாரம் நின்றுவிடுங்கள். நிற்பதால் கெடாது, தாவினால்தான் கெடும்.

கூடவே செய்ய வேண்டியது: வீட்டை மாற்றுவது

இது தனி வழி அல்ல, எல்லா வழிக்கும் அடித்தளம். இரண்டு பூனைக்கு மூன்று லிட்டர் பாக்ஸ் என்பது பலருக்கும் தெரியும். மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே பாக்ஸ்தான், ஒரே இடத்தில் நின்று மூன்றையும் மறிக்கலாம். வெவ்வேறு அறையில், இரண்டு பக்கமும் வெளியேற வழியுள்ள இடத்தில் வையுங்கள். மூடி போட்ட பாக்ஸ் பொறி மாதிரி, மூடியைக் கழற்றுங்கள். நீளம் பூனையின் உடம்பைப்போல் ஒன்றரை மடங்கு. தண்ணீரும் தீனியும் ஒன்றையொன்று பார்க்க முடியாத இரு இடத்தில். தெருப்பூனை தெரியும் ஜன்னலின் கீழ்ப்பகுதிக்கு, உட்கார்ந்த பூனையின் கண்ணுக்கு மேல் வரும் உயரத்தில், வெளிச்சம் விடும் மங்கல் தாளை ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மடைமாறிய கோபம் வாரம் தவறாமல் திரும்ப வரும்.

ஃபெரோமோனா, மருந்தா?

பூனையின் கன்னச்சுரப்பில் உள்ள ஃபெரோமோன் என்ற வாசனை வேதிப்பொருள்களை 1990களில் பிரான்ஸில் ஆராய்ந்து, அதில் ஒரு பகுதியைச் செயற்கையாகச் செய்தார்கள். சுவரில் செருகினால் அதைக் காற்றில் பரப்பும் டிஃபியூசராகக் கிடைக்கிறது. இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. கன்ன வாசனையைப் போலச் செய்தது பொதுவான பதற்றத்துக்கு, பாலூட்டும் தாய்ப்பூனையின் சுரப்பைப் போலச் செய்தது பூனைகளுக்கிடையிலான பூசலுக்கு. வாங்கும்போது உறையைப் பார்த்து இரண்டாவதை எடுங்கள். ஒரு டிஃபியூசர் 50 முதல் 70 சதுர மீட்டர் வரை தாங்கும், புட்டி சுமார் 30 நாள் வரும். சோபாவுக்குப் பின்னாலோ திரைக்கு அடியிலோ செருகினால் பரவாது. கெடுதல் இல்லை, சில வீடுகளில் அழுத்தம் குறைகிறது. ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு டிஃபியூசரை மட்டும் நம்பினால் இரண்டாவது சண்டையை அது தடுக்காது. மனிதர்களுக்கான வாசனை எண்ணெய்களை இதற்கு மாற்றாக ஏற்றாதீர்கள். தேயிலை மர எண்ணெய் போன்றவை பூனைக்கு விஷம்.

மருந்து வேறு ரகம். மறு அறிமுகம் பார்வைக் கட்டத்திலேயே திரும்பத் திரும்ப உடைகிறது, ஒன்று பயத்தில் லிட்டர் பாக்ஸுக்கே போவதில்லை என்றால் மருத்துவரிடம் மருந்து பற்றிப் பேசத் தயங்காதீர்கள். அடிக்கும் பூனையின் வேகத்தைக் குறைக்க அதிகம் எழுதப்படுவது ஃப்ளூவாக்ஸெட்டின். முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், தொடக்கத்தில் பசி குறையலாம், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்களே நிறுத்துவது பொதுவான தவறு. கேபாபென்டின் சில மணி நேரத்துக்குப் பதற்றத்தைத் தணிக்கும், மருத்துவமனைப் பயணத்துக்கு உதவும், நடை சற்றுத் தள்ளாடும். ஒடுங்கிக் கிடக்கும் பூனைக்கும் சில சமயம் மருந்து வேண்டியிருக்கும், அதற்கு ஏற்றது வேறு. பயம் குறைந்து அது நிமிர்ந்து நடந்தால் அதைத் துரத்தும் ஆசை எதிராளிக்குக் குறையும். வீட்டில் இருக்கும் மனித மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பாராசிட்டமால் மாத்திரை போதும், பூனை இறந்துவிடும்.

என் கணிப்பில் பணத்தை முதலில் மருத்துவப் பரிசோதனைக்கும் நல்ல வலைக்கதவுக்கும் செலவழியுங்கள், மிச்சம் இருந்தால் டிஃபியூசர். மருந்து கடைசிப் புகலிடம் என்று ஆறு மாதம் தள்ளிப்போடுவதும் தவறு. அவ்வளவு நாளும் ஒரு பூனை தன் வீட்டிலேயே பயந்து வாழ்கிறது.

நிரந்தரமாகப் பிரிப்பது

முழு முறையையும் பொறுமையாக, மருந்தோடும் முயன்று, நான்கைந்து மாதத்துக்குப் பிறகும் கண்டவுடன் பாய்ச்சல் என்றால் இரண்டு வழி மிச்சம். ஒன்று, வீட்டை நேரக்கணக்கில் பங்கிடுவது: காலையில் ஒன்று, மாலையில் மற்றது. இரண்டு கதவு நடுவில் இருந்தால் ஒரு கதவைத் திறந்து மறந்தாலும் ஆபத்தில்லை. பல குடும்பங்கள் வருடக்கணக்கில் இப்படி நிம்மதியாக வாழ்கின்றன, பூனைகளும் வாழ்கின்றன. மற்றது, ஒன்றுக்கு நல்ல வேறு வீடு தேடுவது. அடித்த பூனையை அனுப்புவதா, அடிபட்டதையா என்பதைக் கோபத்தில் முடிவுசெய்யாதீர்கள். எது புது ஆட்களிடம் சீக்கிரம் ஒட்டும், எதற்குத் தனியாக இருக்கப் பிடிக்கும் என்று பாருங்கள். வேறு பூனை இல்லாத வீடாக இருப்பது அவசியம். மனம் கனக்கும் முடிவு இது. ஆனாலும் அலமாரி உச்சியில் பாதி ஆயுளைக் கழிக்கும் பூனைக்கு இது நன்மை.

கலங்கலாக இருக்கும்போது

காரணம் தெரியவில்லை, எவ்வளவு மோசம் என்றும் புரியவில்லை என்றால் இப்படித் தொடங்குங்கள். இன்றே பிரியுங்கள். இரண்டு நாளுக்குள் இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள், ஒன்றுக்கு மட்டும் வாசனை மாறாதபடி ஒரே நாளில். அடிபட்டதன் தோலை, குறிப்பாக வால் அடி, கால், கன்னப் பகுதிகளை, 5 நாள் வரை தினமும் விரலால் தடவிப் பாருங்கள். கடிக்காயம் மயிருக்குள் மறைந்து, இரண்டு மூன்று நாள் கழித்துச் சூடான சீழ்க்கட்டியாக எழும்பும். கடுவன் லிட்டர் பாக்ஸுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கி, சிறுநீர் வராமல் திரும்பினால் அது சண்டைப் பிரச்சினை அல்ல, உயிர் ஆபத்து. அந்த நேரமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மூன்றாம் நாள் மூடிய கதவின் இருபுறமும் 2 மீட்டரில் தட்டு வையுங்கள். இரண்டும் தலை தூக்காமல் சாப்பிட்டால் குறுகிய பிரிவு வழியில் போகலாம். ஒன்றாவது சாப்பிட மறுத்தால் வலைக்கதவுக்கு அளவு எடுத்துவிடுங்கள்.